கமலநாதனின் விரதமும் கேம் கோழியும்

வீடியோ கேம் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு. அவற்றைச் சொன்னதற்காக இதுவரை மூன்று வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து என்னை நீக்கியிருக்கிறார்கள். கேமில் கதை வரும் இடத்தையெல்லாம் தாண்டிப் போய்விட வேண்டும் என்பேன். கதை வேண்டுமென்றால் என் மாமியாருக்கு ஒரு போன் போட்டால் போதும், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கிடைக்கும். சுலபமான நிலையில் விளையாடுவது கேவலம் என்று பேசுகிறவர்களுக்கு வீட்டில் துணி மடிக்கிற வேலை இல்லை என்பேன். ஒரே இடத்தில் அறுபது தடவை செத்து, அறுபத்தோராவது தடவை ஜெயித்துவிட்டு, அதைச் சாதனை என்று படம் பிடித்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: கேமில் செய்வது எதுவும் செய்ததாக ஆகாது. சுட்டாலும் சரி, ஏமாற்றினாலும் சரி, போனை அணைத்தால் எல்லாம் முடிந்தது.

இப்படி ஊர்ச் சண்டையெல்லாம் இழுத்து வைத்திருக்கிற என்னையே வாயடைக்க வைக்கிற மாதிரி ஒரு கருத்தை என் கணவர் கமலநாதன் சொல்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவர் ஏர்கோன் குளிர்சாதனங்களைப் பழுதுபார்ப்பவர். வாயைத் திறந்தால் காசு கேட்பார்கள் என்பது போலத்தான் பேசுவார்.

நாங்கள் ஜோகூர் மாநிலத்தில், ஸ்கூடாய் நகரில் இருக்கிறோம். நான் பக்கத்து ஊரான தெப்ராவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். வேலை போக மீதி நேரம் 'பூலாவ் லாப்பார்' என்கிற கேமில் ஓர் அணிக்குத் தலைவி. மலாயில் பசித் தீவு என்று பொருள். பெயருக்கு ஏற்ற மாதிரி அதில் எல்லாருக்கும் எந்நேரமும் பசிக்கும். நால்வர் நால்வராகத் தீவில் இறங்கி, கிடைத்ததைச் சாப்பிட்டுத் தெம்பு ஏற்றிக்கொண்டு, மற்ற அணிகளோடு சண்டை போட வேண்டும். சுட்ட கோழி ஒன்று சாப்பிட்டால் முழுத் தெம்பு. வாழைப்பழம் சாப்பிட்டால் கால்வாசி. போட்டி இல்லாத நாட்களிலும் நம்முடைய ஆள் தன் குடிசையில் பசியோடு காத்திருப்பான். ஒருநாள் சாப்பாடு போடாமல் விட்டால் செத்துப்போவான், பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

என் அணியில் செல்வா இருக்கிறான், ஸ்கூடாயில் கைப்பேசிக் கடை வைத்திருப்பவன். அவனுடைய அக்கா சந்திரமதி, பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளிடம் குரல் உயர்த்தாதவள், கேமில் ஈவிரக்கம் இல்லாமல் சுடுவாள். நாலாவது ஆள் என் கணவர். முன்பு எங்களோடு விளையாடியவர் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட, போன வருடம் இவராகவே வந்து, "நான் வரேன்" என்றார். என் நச்சரிப்பு தாங்காமல்தான் சேர்ந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜோகூர் போட்டியில் ஜெயித்தால் கோலாலம்பூர் இறுதிச் சுற்றுக்குப் போகலாம். மூன்று வருடமாக எங்களுக்கு இரண்டாம் இடம். மூன்று வருடமும் மேடையில் பக்கத்தில் நின்று அடுத்தவனுக்குக் கை தட்டியிருக்கிறேன். இந்த வருடமும் அப்படி ஆனால் போனை உடைத்துப் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். எனக்கு அது அவ்வளவு வேண்டியிருந்தது.

போட்டி தைப்பூசத்துக்கு ஒன்பது நாள் முன்னால் வந்தது. கமலநாதன் விரதத்தில் இருந்தார். போன வருடம் எனக்கு டெங்கி வந்து பதினோரு நாள் ஐசியுவில் கிடந்தேன். நான் பிழைத்து வந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு நாள் கவுச்சி கிடையாது, தரையில் படுக்கை, கையில் மஞ்சள் காப்பு. நானும் வீட்டில் சைவம்தான் சமைத்தேன். அதுவரை எந்தத் தகராறும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்வாவின் கடையில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

"அண்ணே, உங்க பின்னால கோழி நிக்குது! புடிச்சு சுட்டு சாப்புடுங்க, தெம்பு குறைஞ்சிடுச்சு!" என்று செல்வா கத்தினான்.

"வேணாம்பா. நான் விரதம்."

செல்வா விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய ஆள் தென்னை மரத்தடியில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான்.

"கமல், விளையாடாதீங்க. கோழிய சாப்பிடுங்க."

"என் விரலாலதானே அழுத்தணும், லோஷி? எப்படி அழுத்துறது?"

"அலமாக்! அது கோழியே இல்ல. வெறும் படம்!"

"படமா இருந்தா ஏன் தெம்பு ஏறுது?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்காக வைத்த வேண்டுதல்தானே, நானே சொல்கிறேன், சாப்பிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். முருகனிடம் வைத்த வேண்டுதலை நீ தள்ளுபடி செய்ய முடியாது என்றுவிட்டார்.

செல்வா சும்மா இருப்பானா? அன்றே எங்கள் கேம் குழுவில் போட்டுவிட்டான்: 'விரதத்தில் இருப்பவர் கேமில் கோழி சாப்பிடலாமா?' என் கருத்துகள் எதற்கும் இவ்வளவு பேர் திரண்டதில்லை. இருநூறு பேர் மூன்று நாள் அடித்துக்கொண்டார்கள். கணினியில் செய்த கோழி சுத்த சைவம் என்றார் ஒருவர். அப்படியானால் கேமிலேயே காவடி தூக்கிவிடலாம், முதுகு வலி மிச்சம் என்றார் இன்னொருவர். மீன் மட்டும் சாப்பிடலாமா என்று ஓர் அம்மா சமரசம் பேசிப் பார்த்தார். குளுவாங்கிலிருந்து வீரமுத்து என்று ஒரு லாரி ஓட்டுநர் கிடுக்கிப்பிடி போட்டார்: "கோழி தின்னா பாவம்னு சொல்றீங்களே தம்பி, தினம் நாப்பது பேர சுட்டுத் தள்றீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

கமலநாதன் ஒரே ஒரு முறை பதில் போட்டார். "அவங்க அடுத்த ஆட்டத்துல எழுந்து வந்துடுறாங்க. கோழி வரல."

பாதிக் குழு என் கணவரைப் பைத்தியம் என்றது, மீதிப் பாதி சாமியார் என்றது. இரண்டுக்கும் அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

கடைசியில் நான்தான் இறங்கிவந்தேன். அவருக்கென்று வாழைப்பழமும் இளநீரும் சேகரிக்கச் சந்திரமதியை ஒதுக்கினேன். அணிக்கு அது பெரிய சுமை. இருந்தாலும் அவர் குறி தப்பாதவர், அவரை விட்டால் வேறு ஆளும் இல்லை. "உங்கள கோழி சாப்பிடச் சொல்ல மாட்டேன், போதுமா?" என்று வாக்குக் கொடுத்தேன். அவர் தலையாட்டினார்.

போட்டி ஸ்கூடாயில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் நடந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி, மூன்று மணிக்கெல்லாம் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரே மூவார் ஊரிலிருந்து வந்த அணி. முதலில் செல்வா போனான். அடுத்து சந்திரமதி, போகும்போது அவர்களில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனாள். நாங்கள் இரண்டு பேர், அவர்கள் இரண்டு பேர்.

அப்போது கமலநாதன் விழுந்தார். தெம்பு தீர்ந்து தரையில் கிடந்தார்.

அந்தக் கேமில் விழுந்தவருக்குப் பத்து நொடிக்குள் பக்கத்தில் இருப்பவர் சாப்பாடு ஊட்டினால் எழுந்துவிடுவார். வாழைப்பழம் அதற்குப் போதாது. என் பையில் சுட்ட கோழி ஒன்று இருந்தது. மூவார்க்காரர்கள் இரண்டு பக்கமும் வந்துகொண்டிருந்தார்கள். என்னால் தனியாகச் சமாளிக்க முடியாது. எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஏழு, ஆறு, ஐந்து. தன் விரலால்தானே அழுத்த வேண்டும் என்றுதான் அவர் சொன்னார், இது என் விரல், அவர் விரல் இல்லையே என்று என் மூளை வேகமாக வாதாடியது. சாப்பிடச் சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்கு. ஊட்ட மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஊட்டினேன்.

திரையில் என் ஆள் அவருடைய ஆளின் வாயில் கோழிக்காலை வைத்தான். அவர் எழுந்தார். ஒரு நொடி அப்படியே நின்றார். நான் திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு அவர் ஓடினார், எனக்குப் பின்னால் வந்தவனை அடித்தார், நான் முன்னால் இருந்தவனைச் சாய்த்தேன். செல்வா நாற்காலி மேல் ஏறிக் கத்தினான். கோப்பையைத் தூக்கியபோது எனக்கு அழுகை வந்தது. மூன்று வருட அழுகை. கமலநாதன் பக்கத்தில் நின்று கை தட்டினார், புகைப்படத்துக்குச் சிரித்தார், மூவார் அணியிடம் போய்க் கை குலுக்கினார்.

வழியில் வழக்கம்போல் நெரிசல். காரில் நான் ஒருத்தியே பேசிக்கொண்டு வந்தேன். விரல் யாருடையது என்ற என் வாதத்தை நான்கு தடவை விளக்கினேன். நான்கு தடவையும் அவர், "ம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவினார். முருகன் படத்துக்கு முன்னால் நின்று, மணிக்கட்டில் இருந்த காப்பை அவிழ்த்துத் தட்டில் வைத்தார். அன்று முப்பத்தொன்பதாவது நாள்.

"ஏன் கழட்டுறீங்க?"

"முறிஞ்சிடுச்சு லா."

"எப்படி முறியும்? நீங்க எதையும் அழுத்தலையே! நான்தானே ஊட்டுனேன்?"

"விரல் உன்னோடது. சாப்பிட்டது நான்தானே."

"சாப்பிட்டது நீங்க இல்ல கமல், ஒரு பொம்மை!" என்று கத்தினேன். குற்றம் என் பக்கம் இருந்தால் என் குரல் தானாக உயரும். பொம்மைக்குப் பசி கிடையாது, பொம்மைக்கு விரதம் கிடையாது, இருநூறு பேர் சிரித்தது போதாதா, ஒரு கேமுக்காக முப்பத்தொன்பது நாளைத் தூக்கிப் போடுகிறவனை எங்கேயாவது பார்த்திருக்கிறோமா என்று மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"நீ ஐசியுவுல இருந்தப்ப உன் போன் எங்கிட்டதான் இருந்துச்சு. ரெண்டாவது நாளு அது டிங்குனு அடிச்சுச்சு. எடுத்துப் பார்த்தா, உன் ஆளுக்குப் பசிக்குது, இன்னும் ஆறு மணி நேரத்துல செத்துடும்னு போட்டிருந்துச்சு."

நான் கிட்டே போய் நின்றேன்.

"எனக்கு அப்ப இந்த கேம் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. அங்க இருந்த நர்ஸ் மிஸ்ஸிகிட்ட கேட்டேன். அவங்கதான் எங்க அழுத்தணும்னு காட்டுனாங்க. காலைல, மத்தியானம், சாயந்தரம்னு மூணு வேளையும் ஊட்டுனேன். உள்ள வந்து உன்னப் பார்க்க விட மாட்டேன்னுட்டாங்க, லோஷி. உனக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க முடியல. இதுக்காவது குடுப்போம்னு வெளிய பெஞ்சுல உட்கார்ந்து குடுத்தேன். இது செத்துட்டா நீயும்..."

மூக்கை உறிஞ்சினார்.

"அன்னைக்கி அத பொம்மைன்னு என்னால நினைக்க முடியல. இன்னைக்கி மட்டும் எப்படி நினைக்கிறது, சொல்லு?"

மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் நான் கேமைத் திறந்து பார்த்திருக்கிறேன். என் ஆள் வயிறு நிறைந்து, குடிசை வாசலில் கையாட்டிக்கொண்டு நின்றான். பதினோரு நாள் யார் சாப்பாடு போட்டார்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நேராக அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டேன். அதை நினைத்ததும் வெட்கமாக இருந்தது. அவர் காலடியில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். மன்னிப்புக் கேட்டேன்.

"சரி சரி, விடு. நாளைக்கி திரும்பக் கட்டிக்கலாம். தைப்பூசத்துக்கு நாள் பத்தாது. பங்குனி உத்திரத்துக்கு எடுத்துடுவோம். முருகன் எங்க ஓடிப் போயிடப் போறாரு?" என்று என் தலையைத் தட்டினார்.

மறுநாள் காலை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவரோடு கோயிலுக்குப் போனேன். ஐயர் அவர் கையில் காப்புக் கட்டி முடித்ததும் நானும் கையை நீட்டினேன்.

"உனக்கு என்னம்மா வேண்டுதல்?" என்றார் ஐயர்.

"வேண்டுதல் இல்ல சாமி. விரதத்துல இருந்தவருக்குக் கோழி ஊட்டிட்டேன்."

"நிஜமாவா?"

"கேம்ல, சாமி. ஆனா ஊட்டுனது நிஜம்."

ஐயர் என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் விளக்கம் கேட்டால் பொழுது போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ, மந்திரம் சொல்லிக் கட்டிவிட்டார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது செல்வா அழைத்தான். கோலாலம்பூர் சுற்றுக்கு இன்னும் ஐந்து வாரம் இருப்பதாகவும், பயிற்சியை இன்றே தொடங்கலாம் என்றும் ஒரே உற்சாகம். ஐந்து வாரத்தில் விரதம் முடியாது. விஷயத்தைச் சொன்னேன்.

"அலமாக், கேப்டன்! இப்ப ரெண்டு பேரா? நாலு பேர்ல ரெண்டு பேரு வாழைப்பழம் தின்னா எப்படி லா ஜெயிக்கிறது?"

"எனக்கும் ஜெயிக்க ஆசைதான் செல்வா, நேத்தைய விட அதிகமா ஆசை. ஆனா அவரு விழுந்தா, அவரு பக்கத்துல நானும் உட்கார்ந்துக்குவேன். மீதிய நீயும் உங்க அக்காவும் பாத்துக்குங்க."

செல்வா தலையில் அடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது. கமலநாதன் காரைத் திறந்துவிட்டு, ஏறு என்று சைகை காட்டினார்.