கூலருக்கு ஓர் இடம்

மேட்டுச் சாலையின் பாதியிலேயே கார் நின்றுவிட்டது. கியர்பெட்டியிலிருந்து கருகிய எண்ணெய் நாற்றம் கிளம்பி, தையல்காரியின் தொண்டையைக் கவ்வியது. பின்சீட்டில், மேலே இருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கவேண்டிய சீருடை மூட்டைகள். கடைசியில் வழியோடு வந்த வேன்காரரைக் கெஞ்சி மூட்டைகளை ஏற்றி அனுப்பிவிட்டு, காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

முன்பொரு முறை ஏணியிலிருந்து விழுந்ததில் அவளுடைய இடது முழங்கால் மடங்காமல் போயிருந்தது. கிளட்ச் மிதிக்க முடியாது. இனி வண்டியே ஓட்ட மாட்டோம் என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோதுதான், கணவன் உருண்டை விளக்கு வைத்த அந்தப் பழைய காரை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவன் டிங்கரிங் வேலைக்காரன். துருப்பிடித்த தகரத்தைத் தட்டித் தேய்த்து, கண்ணாடி மாதிரி பெயின்ட் அடித்தான். லாரி மெக்கானிக்கான அவளுடைய தம்பி, கிளட்ச் தேவைப்படாத ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி ஒன்றை எங்கிருந்தோ தேடிப்பிடித்து அதில் பொருத்தினான். வலது கால் மட்டும் போதும். முதல் நாள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவள், இறங்க மனசில்லாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அந்தக் கார் கொட்டகையில் கிடந்தது.

"மாமா, மேடு ஏறுறப்ப கியர்பாக்ஸ் எண்ணெய் கொதிச்சுப்போகுது. அதை ஆத்துறதுக்குத் தனியா ஒரு கூலர் மாட்டணும்" என்று, சின்ன ரேடியேட்டர் போன்ற ஒரு பொருளைத் தூக்கிக் காட்டினான் தம்பி. "ரேடியேட்டருக்கு முன்னாடி மாட்டிரலாம்."

"முன்னாடியா? முகத்துலயே ஓட்டை போடச் சொல்றியா மாப்ள? அந்தத் தகரத்தைத் தேய்ச்சு என் கைரேகையே போச்சு. அடியில மாட்டு, யார் கண்ணுக்கும் படாது."

"கண்ணுக்குப் படாது, கல்லுக்குப் படும். ஒரு கல்லு அடிச்சா எண்ணெய் மொத்தமும் ரோட்டுல."

"முன்னாடி வச்சா மட்டும்? அந்தச் சூடு நேரா ரேடியேட்டருக்குப் போகும். கியர்பாக்ஸைக் காப்பாத்தி இன்ஜினை வேக வைக்கப் போறியா?"

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி மாமா?"

கணவன் மீசையைத் தடவிக்கொண்டே வெளியே போய்விட்டான். அதன் பிறகு மாமனும் மச்சானும் கூலரைத் தவிர உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். அடுத்த மூட்டைக்கும் அவள் வேன்காரரிடம்தான் போய் நிற்கவேண்டியிருந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துபோனது அவளுக்கு முள்ளாகக் குத்தியது. ரெண்டு பேருமே தனக்காகத்தான் சண்டை போடுகிறார்கள் என்பது தெரியும். அதற்காகக் கார் கொட்டகையிலேயே முட்டையிடட்டும் என்று விட்டுவிட முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். முன்பக்கத்துக் கம்பிகளுக்குள் கைவிட்டு நாலைந்து துண்டுகளை ஒட்டினாள். அவற்றின் கீழ் ஓரத்தில் நாலைந்து. தம்பியைப் படுக்கவைத்து, கணவன் சொன்ன இடத்தில் அடிப்பக்கமும் ஒட்டச் சொன்னாள்.

"என்னக்கா, காருக்குத் தாடி வைக்கிறியா?"

"நீங்க ரெண்டு பேரும் பேசினது போதும். காத்து எங்க வருதுன்னு நூலே சொல்லட்டும். மேட்டுல மெதுவாத்தானே ஏறுது? அதே மாதிரி ஓட்டுறேன். கூடவே நடந்து பாருங்க."

கொட்டகைக்குப் பின்னால் இருந்த சிறு மேட்டில் அவள் காரை ஊரவிட்டாள். இரண்டு ஆண்களும் குனிந்தபடி, வாத்து நடை போட்டுக்கொண்டு வந்தார்கள். முன்பக்கம் இருந்த நூல்களை இன்ஜினின் விசிறி உள்ளே இழுத்து, ரேடியேட்டர்மேல் அப்பியது. கீழே?

கணவன்தான் சொல்லவேண்டியிருந்தது. "இங்க... ஆடவே இல்லம்மா. தூங்குது."

தம்பி வாய்திறக்கப் போனான். அவள் கண்ணாலேயே அடக்கினாள்.

"ஆனா அவர் சொன்னதும் சரிதான்டா. ரேடியேட்டரை முழுசா மறைச்சா இன்ஜின் சுடும். கீழ் ஓரமா, கொஞ்சம் இடைவெளி விட்டு வைக்கலாமா? அங்கயும் நூலை நல்லாத்தான் இழுக்குது."

கணவன் முன்கம்பிகளுக்குள் முகத்தைப் புதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்த முகத்தில் கிரீஸும் சிரிப்பும் இருந்தன.

"ஹார்னைக் கழட்டினா, அந்த ஓரத்துல ரெண்டு போல்ட் ஓட்டை ஏற்கெனவே இருக்கு மாப்ள. புதுசா ஒண்ணும் துளைக்க வேணாம். ஹார்னைப் பக்கத்துக்கு மாத்திக்கலாம்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாமா!"

"அன்னைக்கு யார்டா குனிஞ்சு பாத்தது?"

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. கணவனே கூலரைத் தாங்க ஒரு தகட்டை வளைத்து, வெளியே தெரியாதபடி கறுப்பு அடித்தான். தம்பி குழாய்களை உரசாத வழியில் கொண்டுபோய் இறுக்கினான். இடம்மாறிய ஹார்னுக்கு மட்டும் தொண்டை கட்டியிருந்தது.

அடுத்த நடைக்கு இருவரும் பின்சீட்டில், நடுவில் மூட்டைகளோடு நசுங்கி உட்கார்ந்து வந்தார்கள். முன்பு நின்றுபோன வளைவு வந்தது. அவள் நாற்றம் வருகிறதா என்று பார்த்தாள். ஈரமண் வாசனைதான் வந்தது. கார் முனகிக்கொண்டே வளைவைத் தாண்டியது. அவளுக்குக் கண் கலங்கியது. சாலையைப் பார்க்கவேண்டும் என்பதால் துடைக்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் தம்பி பானெட்டைத் திறந்து, கூலருக்குப் போகும் குழாயைத் தொட்டுக் கையை உதறினான். திரும்பி வரும் குழாயைப் பிடித்தபடியே நின்றான். "வெதுவெதுன்னுதான் இருக்கு மாமா!" கணவன் இன்ஜின் சூடு காட்டும் முள்ளைப் பார்த்துத் தலையாட்டினான்.

மூட்டைகளை வாங்கிக்கொண்ட வாசல் காவலாளி அவளிடம் சொன்னார்: "இன்னும் மேல ஒரு விடுதி இருக்கும்மா. ஜன்னலுக்கெல்லாம் திரை தைக்க ஆள் தேடுறாங்க. ஆனா ரோடு இதைவிடச் செங்குத்து."

தம்பியும் கணவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கொஞ்ச நேரம் ஆறட்டும்" என்றாள் அவள், ஸ்டியரிங்கை விடாமல். "அப்புறம் போய்ப் பாத்துட்டு வந்துரலாம்."