குடை இல்லாத கொலை

லூர்துநாதன் நீலகிரிக்குப் போனதே இல்லை. ஆனாலும் அங்கே ஏகப்பட்ட பேரைக் கொன்றிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் ஒரு பிணம், பங்களாவின் குளியல் தொட்டியில் ஒரு பிணம், மூடுபனியில் கால் தவறி விழுந்ததாக மற்றவர்கள் நம்பிய பணக்காரக் கிழவர்கள் பலர். கொலை செய்தவன் கடைசி அத்தியாயத்தில் அகப்பட்டதும், யாரும் கேட்காமலே தன் கதையை முதலிலிருந்து சொல்லி அழுதுவிட்டுக் கைவிலங்கை மாட்டிக்கொள்வான்.

காரைக்காலில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் அவர் எழுத்தர். ‘காரை நாதன்’ என்ற பெயரில் மாத நாவல் எழுதினார். மாயவரம் பஸ் நிலையத்தில் வாங்கி, கும்பகோணத்தில் இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போகிற ரகப் புத்தகங்கள். அவர் மனைவி சலோமி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கணவர் எழுதியதை எல்லாம் படித்துவிடுவாள். படித்து முடித்ததும், “ஏங்க, இந்த இன்ஸ்பெக்டர் வேலைக்கு எந்தப் பரீட்சை எழுதி வந்தாரு? எங்க மூணாங்கிளாஸ் பசங்களே முதல் பக்கத்துல கண்டுபிடிச்சுடுவானுவ” என்பாள்.

லூர்துநாதனுக்குக் கோபம் வராது. அவள் சொல்வது சரிதான் என்று அவருக்கே தெரியும். ஆனால் ஒரே ஒரு நாவலைப் பற்றி மட்டும் அவள் அப்படிச் சொன்னதில்லை. எழுபத்தாறில் எழுதிய ‘எறிந்த கை’. அதில் நீலகிரி இல்லை, பங்களா இல்லை. தான் பிறந்து வளர்ந்த ஊரில் ஆனி மாதம் நடக்கிற மாங்கனித் திருவிழாவில் ஒரு கொலையை வைத்திருந்தார்.

சாமி வீதி வலம் வரும்போது நேர்ந்துகொண்டவர்கள் மாடியில் கூடை கூடையாக மாம்பழத்தோடு நின்று எறிவார்கள். கீழே ஜனங்கள் கையை நீட்டி, துண்டை விரித்துப் பிடிப்பார்கள். சிலர் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து ஏந்துவார்கள். நாவலில் பிள்ளையில்லாத ஒரு வியாபாரி அப்படிக் குடையை ஏந்தி நிற்கிறார். முதலில் கிடைக்கும் பழத்தை நின்ற இடத்திலேயே கடிப்பது அவருடைய வழக்கம். கடிக்கிறார், விழுகிறார், சாகிறார். பழத்தில் விஷம். போலீஸ் ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கி, யார் எறிந்தது, யார் எறிந்தது என்று தேடுகிறது. உண்மையில் அந்தப் பழத்தை யாரும் எறியவே இல்லை. பக்கத்தில் நின்ற தம்பி சட்டைக்குள்ளிருந்து எடுத்து அண்ணன் குடைக்குள் மெல்லப் போட்டான். அந்த நேரத்தில் ஊரே அண்ணாந்து மாடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். குடைக்குள் யார் பார்ப்பார்கள்?

சலோமி அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, “ம்” என்றாள். லூர்துநாதனின் இலக்கிய வாழ்க்கையில் கிடைத்த ஒரே விருது அந்த ‘ம்’தான்.

இரண்டு வருஷம் கழித்து டைரக்டர் பாலகுரு சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினார். தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு, காரைக்காலில் கிடையாது. வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் போதும், தொண்டை நனைந்துவிடும். டைரக்டர் கதையைத் தேடித்தான் வந்தார் என்பதை நம்பலாம். ஆனால் வீட்டுக்கு வருமுன் எங்கே இறங்கினார் என்பதைச் சலோமி வாசலில் நின்றபடியே மூக்கால் கண்டுபிடித்துவிட்டாள்.

“ரயில்ல படிச்சேன் சார், ஆடிப்போயிட்டேன்” என்றார் பாலகுரு. “அந்தக் குடை! அந்தக் குடைதான் சார் படம்!”

“முழுசாப் படிச்சீங்களா?” என்றாள் சலோமி.

“என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? ஆமா, சார் கிறிஸ்டியன். மாங்கனி விஷயத்தை எப்படி இவ்வளவு நுணுக்கமா எழுதினாரு?”

“மாடியிலேருந்து எறியுற பழம் ஞானஸ்நானம் கேட்டுக்கிட்டா விழுது?” என்றார் லூர்துநாதன். இந்த மாதிரி பதில் அவருக்கு நாவலில் ஒரு தடவைகூட வந்ததில்லை. டைரக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். குடையைத் தொடமாட்டேன் என்று தாயார் மேல் சத்தியம் செய்துவிட்டுப் போனார்.

தை மாதம் படப்பிடிப்பு. தை மாதத்தில் மாம்பழம் கிடைக்காது என்பது சினிமாக் கம்பெனியில் யாருக்கும் தோன்றவில்லை. கதாநாயகிக்கு அந்த மாதம்தான் ஒழிவு இருந்தது. அதனால் சந்தையிலிருந்து மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு வந்தது. அதற்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து வெயிலில் காயவைத்தார்கள். விழிதியூரிலிருந்து லாரியில் ஆட்களை ஏற்றிவந்து கூட்டமாக நிறுத்தினார்கள். ஒரு செட்டியார் வீட்டு மாடியிலிருந்து எறிய ஆரம்பித்ததும் கூட்டம் பழத்தைப் பிடிக்காமல் தலையைப் பிடித்தது.

“யோவ், பழம்னா அதுதான் நசுங்கும். இதுல நம்ம மண்டை நசுங்குதுய்யா!” என்று ஒருவர் கத்தினார். டைரக்டருக்கு அது பிடித்துப்போனது. “இந்த முகபாவத்தை விடாதே, எடு எடு” என்றார்.

லூர்துநாதன் லீவு போட்டுவிட்டு டைரக்டருக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. போகிறவர் வருகிறவர் எல்லோரும் தம்மைப் பார்க்கிறார்களா என்று ஒரு கண் அங்கேயும் இருந்தது. செத்துப்போகிற வியாபாரியாகத் தயாரிப்பாளரின் மச்சான் நடித்தார். முதல் படம். குடையை ஏந்தி நின்றார்.

“குடை முகத்தை மறைக்குதே” என்றார் மச்சான்.

“குடையை எடு” என்றார் பாலகுரு.

லூர்துநாதன் எழுந்துவிட்டார். “குடை இல்லாட்டி பழம் எப்படிங்க அவரு கைக்கு வரும்?”

“எறிவான் சார்.”

“யாரு?”

“வில்லன். மூணாவது மாடியிலேருந்து. சிரிச்சுக்கிட்டே.”

“வில்லனா? கதைப்படி தம்பிதானேங்க...”

“தம்பிதான் நம்ம ஹீரோ சார். அவருக்கு மூணு பாட்டு இருக்கு. அவரு போயி கூடப்பொறந்த அண்ணனுக்கு விஷம் வைப்பாரா? தாய்மார்கள் ஒத்துக்குவாங்களா?”

“ஆயிரம் கை நீளுமே, வில்லன் எறியுறது இவரு கையிலதான் விழும்னு என்ன நிச்சயம்?”

“கேமரா காட்டுற கை ஒண்ணுதான் சார்.”

கூட்டம் வேடிக்கை பார்த்தது. முப்பது நாவலுக்கு மேல் எழுதியும் சொந்தமாக ஒரே ஒரு யோசனைதான் லூர்துநாதனுக்குத் தோன்றியிருக்கிறது. அதை இந்த மனிதர் ஒரு மச்சானின் மூக்குக்காகத் தூக்கிப் போடுகிறார். “இதுக்கு நான் ஒப்புக்க முடியாதுங்க” என்றார்.

பாலகுரு கோபப்படவில்லை. அவர் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப்போனார். “தாராளமா. உங்களுக்கு மனக்கஷ்டம் வேணாம். கதைன்னு நம்ம அசிஸ்டென்ட் பேரைப் போட்டுடறேன். இல்லே, நீங்க சும்மா உட்கார்ந்திருந்தா ‘கதை: காரை நாதன்’னு தனி கார்டு. கூட வேற பேரே கிடையாது. திரை முழுக்க நீங்கதான். என்ன சொல்றீங்க?”

லூர்துநாதன் செட்டியார் வீட்டு மாடியைப் பார்த்தார்.

“தனி கார்டா?” என்றார்.

அன்று சாயங்காலம் சலோமி கேட்டாள். “குடை என்னாச்சு?”

“சினிமாவுக்குன்னு சில கணக்கு இருக்கு சலோமி.”

“உருளைக்கிழங்குக் கணக்கா?” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

எண்பதில் படம் வந்தது. புத்தகத்தின் பெயரைத் தூக்கிவிட்டுக் கதாநாயகியின் பெயரை வைத்திருந்தார்கள். காரைக்கால் கொட்டகையில் முதல் நாள் பகல் காட்சிக்கே இடமில்லை. ‘கதை: காரை நாதன்’ என்று திரை முழுக்க மஞ்சள் எழுத்தில் வந்தபோது விசில் பறந்தது. லூர்துநாதன் பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, கும்பிடலாமா என்று யோசித்து, அதற்குள் அடுத்த கார்டு வந்துவிட்டதால் உட்கார்ந்துகொண்டார். சலோமி வரவில்லை. அவளுக்குப் பரீட்சைத்தாள் திருத்துகிற வேலை இருந்ததாம்.

மாங்கனிக் காட்சி வந்தது. வில்லன் மூன்றாவது மாடியில் நின்று இடிபோலச் சிரித்தான். கையிலிருந்த பழத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டி எறிந்தான். அது தெருவை முழுக்கக் கடந்து, நீட்டிய கைகளை எல்லாம் விட்டுவிட்டு, மச்சானின் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. மச்சான் அதைக் கடித்தார். கடித்தபோது கடக்கென்று சத்தம் கேட்டது.

வேறு ஊரில் இது எடுபட்டிருக்கும். காரைக்காலில், வருஷா வருஷம் அந்தத் தெருவில் நின்று முழங்கையில் இடி வாங்குகிற ஜனங்களிடம் எடுபடுமா?

“டேய், நான் பொறந்ததுலேருந்து நிக்கிறேன், என் கையில ஒரு கொட்டைகூட விழுந்ததில்லடா!”

“அந்த வில்லனைக் கிரிக்கெட்டுக்கு அனுப்புங்கடா!”

“மாம்பழத்தை அவிச்சுத் தின்னணும் போலிருக்கே!”

“யாருடா கதை?”

“தனியாப் போட்டானே, கண்ணு அவிஞ்சுபோச்சா? நம்ம லூர்து சாருதான்.”

“அவரா? இந்த ஊர்லயே இருக்கிறவருக்கு மாங்கனி தெரியாதா?”

லூர்துநாதன் இடைவேளைக்கு முன்பே வெளியே வந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தமக்கு மாங்கனி தெரியாது என்று சொன்னதுதான் தைத்தது.

மறுநாள் டீக்கடை சுப்ராயன் வழிமறித்தார். காரை நாதனின் நாவல் ஒன்றுவிடாமல் படித்தவர் ஊரில் அவர் ஒருவர்தான். “புஸ்தகத்துல குடை இருந்துச்சே சார். அதானே விஷயமே?”

“அவங்க எடுத்துட்டாங்க சுப்ராயன்.”

“நீங்க பக்கத்துல நாற்காலி போட்டுத்தானே உட்கார்ந்திருந்தீங்க?”

டீ ஆறிவிட்டது. லூர்துநாதன் குடிக்காமலே வந்துவிட்டார்.

அந்த வாரத்தில் ஊருக்கு ஒரு புதுப் பொழுதுபோக்கு கிடைத்தது. அவர் பெயர் திரையில் வரும்போது ஊளையிடுவது. படம் பார்த்தவர்களே இரண்டாம் தடவை டிக்கெட் எடுத்து, பெயர் வரும் வரை காத்திருந்து, மூச்சைப் பிடித்து ஊளையிட்டார்கள். அலுவலகத்தில் பியூன்கூடத் தேநீர் வைக்கும்போது உதட்டைக் குவித்ததாக லூர்துநாதனுக்குத் தோன்றியது. குவிக்காமலும் இருந்திருக்கலாம்.

“பேரை எடுத்துடணும்” என்றார் வீட்டில்.

“பேருக்காகத்தானே அன்னைக்கு வாயை மூடிக்கிட்டீங்க?” என்றாள் சலோமி. “இப்ப பேரும் வேணாமா? அப்ப எதுக்குத்தான் மூடுனீங்க?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கொட்டகை ஆபரேட்டர் நெய்னா முகம்மதுவைப் பார்க்கப் போனார். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். படத்தை வெட்டி ஒட்டுவது நெய்னாவுக்குப் பல் விளக்குவது மாதிரி. கடைசி பஸ்ஸுக்கு நேரமானால் ஒரு பாட்டு போய்விடும். முதலாளிக்குத் தூக்கம் வந்தால் ஒரு சண்டை போய்விடும். ஊரில் முழுப் படம் பார்த்தவன் எவனும் இல்லை.

“கதாநாயகிக்குக் கல்யாணம் ஆவுறதையே நான் வெட்டியிருக்கேன்” என்றார் நெய்னா. “உன் பேரு என்னா, நாலைஞ்சு அடி. பொட்டியத் திருப்பி அனுப்பறப்ப ஒட்டிட்டாப் போச்சு.”

“வெளியே தெரியாதே?”

“நீ சொன்னாத்தான் தெரியும் லூர்து.”

அடுத்த பகல் காட்சிக்கு லூர்துநாதன் பின்வரிசையில் தூணை ஒட்டி நின்றார். பெயர்கள் ஓடின. கூட்டம் ஊளைக்குத் தயாராக வாயைக் குவித்தது. இசை ஓரிடத்தில் விக்கியது. சட்டென்று டைரக்டர் பெயர் வந்துவிட்டது.

குவித்த வாய்கள் அப்படியே நின்றன. பிறகு முன்வரிசையில் ஒருவன் எழுந்தான். “எங்கடா நம்ம ஊர்க்காரர் பேரு?”

“தூக்கிட்டானுவ!”

“கதையத் திருடிக்கிட்டுப் பேரையும் அமுக்கிட்டானுவடா!”

“ஊளையிடறது நாங்க. பேரை எடுக்க இவனுவ யாரு?”

பெஞ்சுகள் சரிந்தன. விளக்கைப் போட்டார்கள். கூட்டம் வெளியே வந்து மானேஜரைச் சூழ்ந்துகொண்டது. சிலர் படியேறிப்போய் நெய்னா முகம்மதுவைக் கைலியோடு இழுத்துவந்தார்கள். சினிமாக் கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார்கள். நெய்னா கூட்டத்துக்கு மேலாக லூர்துநாதனைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. அதற்குள் யாரோ லூர்துநாதனைக் கண்டுபிடித்து, முன்னே தள்ளிவிட்டு, “சார், நீங்க கவலைப்படாதீங்க, நாங்க இருக்கோம்” என்றார்கள். நேற்று வரை அவர் பெயருக்கு ஊளையிட்ட ஒருவன் அவருக்காகக் கண்கலங்கினான்.

லூர்துநாதனுக்கு ஒரு கணம் அது நன்றாகத்தான் இருந்தது. வஞ்சிக்கப்பட்ட எழுத்தாளர். அவர் கதைகளில் வருகிற எந்தப் பாத்திரத்தையும்விட நல்ல வேஷம். தலையைக் குனிந்துகொண்டு சும்மா நின்றாலே போதும், ஊர் முழுக்க அவர் பக்கம் வந்துவிடும். நெய்னா முகம்மதுவின் வேலை மட்டும்தான் போகும்.

“அவனை விடுங்க” என்றார். கூட்டத்தின் இரைச்சலில் அது கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார். “நெய்னாவை விடுங்கப்பா. பேரை வெட்டச் சொன்னது நான்தான்.”

“நீங்களா? எதுக்கு?”

“வெட்கமா இருந்துச்சு.”

கூட்டத்திலிருந்து சுப்ராயன் முன்னே வந்தார். “அப்ப குடை?”

“அதையும் நான்தான் விட்டேன். தனி கார்டு தர்றேன்னாங்க.”

அவர் நாவல்களில் கொலைகாரர்கள் கடைசி அத்தியாயத்தில் யாரும் கேட்காமலே ஒப்புக்கொள்வதைச் சலோமி எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள். அதற்குப் பிறகு ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று அவர் எழுதியதே இல்லை. கத்துவார்கள், ஊளையிடுவார்கள், சட்டையைப் பிடிப்பார்கள் என்று நினைத்து நின்றார். சுப்ராயன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “தனி கார்டுக்கா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

“சரி சரி, படத்தைப் போடச் சொல்லுங்கய்யா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “பாட்டு இனிமேத்தான் வருது.”

கூட்டம் அவரை விட்டு விலகி உள்ளே போனது. கண்கலங்கியவன் முதல் ஆளாக ஓடி நல்ல இடம் பிடித்தான். ஊளையிடக்கூட ஒருவரும் நிற்கவில்லை.

நெய்னா முகம்மது கைலியைச் சரிசெய்துகொண்டார். முழங்கையில் சிராய்ப்பு. படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தார்.

“அடுத்த ஆட்டத்துக்கு என்னா செய்ய? ஒட்டிடவா?”

லூர்துநாதன் கொட்டகை வாசலில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தார். மச்சான் முகம் நன்றாகத்தான் தெரிந்தது.

“ஒட்டிடு” என்றார்.