லாரிக்குப் பயந்த பிரேக் அக்கா

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பள்ளியில் அவளுக்கு பிரேக் அக்கா என்றுதான் பெயர். சொல்லிக்கொடுப்பவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்திருப்பார்கள் அல்லவா, அதை அவள் மிதித்த மிதியில் உயிர் பிழைத்தவர்கள் ஊரில் நிறைய. எதிரே என்ன வந்தாலும் கண் இமைக்காத பெண்பிள்ளை. அப்படிப்பட்டவளைப் பார்த்தா வரவேண்டும் அந்தப் பாழாய்ப்போன வியாதி!

ஏதோ சாதாரணப் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், விரல்கள் மரத்துப்போகும், இதோ இந்த நிமிடம் செத்துக்கொண்டிருக்கிறோம் என்று சத்தியமாகத் தோன்றும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், இதயம் நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்புவார்கள். மறுபடி வரும். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "எல்லாம் மனசுதான், தைரியமா இரு" என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். தைரியம் என்ன கடையில் கிடைக்கிறதா? கிடைத்தால் அவள் மூட்டையாகவே வாங்கிப் போட்டிருப்பாளே!

ஒருநாள் வண்டிக்குள்ளேயே வந்துவிட்டது. ரோட்டில் ஈ காக்கா இல்லை. வண்டி ஓட்டிய பெண்ணும் ஒழுங்காகத்தான் ஓட்டினாள். அக்கா பிரேக்கை ஒரே மிதியாக மிதித்து, கதவைத் திறந்துகொண்டு இறங்கி, நடைபாதையில் உட்கார்ந்து நடுங்கினாள். அந்தப் பெண் பாவம், தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து ஓவென்று அழுதாள்.

பள்ளியை நடத்தும் முதலாளியம்மா கல்நெஞ்சக்காரி இல்லை. ஆனால் நறுக்கென்று பேசுவாள்.

"குணமாகி வா, உன் சீட்டு உனக்குத்தான். ஆனா வண்டிக்குள்ள இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அப்புறம் ஆபீஸ் வேலைதான். ஓட்டறவங்களும் பெத்தவங்களுக்குப் பிள்ளைங்கதானே?"

நியாயம்தான். ஆனால் அக்காவுக்கு அந்த இருக்கை என்றால் உயிர். அது போனால் தான் எதற்கும் லாயக்கில்லை என்றே ஆகிவிடும் என்று குமைந்தாள். குமைந்தது போதும் என்று மனநல டாக்டரிடம் போனாள்.

டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். கூடப் போனவர் வீட்டுக்காரர். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். அவருக்கு மருந்தும் கண்ணாடி வில்லையும் ஒன்றுதான். மாத்திரை தொண்டைக்குள் இறங்குவதற்குள் கேட்பார்: "இப்ப எப்படி இருக்கு? முன்னைக்கு இப்ப தெளிவா இருக்கா, இல்ல அதேதானா?"

"முழுங்கக்கூட விடமாட்டீங்களா!" என்பாள் அக்கா.

முதல் மாத்திரையில் தூக்கம் தூக்கமாக வந்தது. சோற்றைப் பிசைந்தபடியே தூங்கினாள். இரண்டாவது மாத்திரை குமட்டித் தள்ளியது. "இதையும் மாத்திடுவோம்" என்று டாக்டர் சொன்னபோது அக்கா உடைந்துபோனாள். தனக்கென்று உலகத்தில் மருந்தே செய்யவில்லை போலிருக்கிறது என்று தேம்பினாள்.

"ஒருத்தருக்கு ஒத்துக்கறது இன்னொருத்தருக்கு ஒத்துக்காதும்மா. தேடித்தான் பார்க்கணும். இது வேலை செய்ய வாரக்கணக்குல ஆகும். நீங்களா நிறுத்தக்கூடாது, கூட்டக்கூடாது. நான் சொல்ற வரைக்கும் வண்டிப் பக்கமே போகக்கூடாது. சார், நீங்க தினமும் கேட்டுத் தொல்லை பண்ணக்கூடாது."

வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மாத்திரை சத்தம் போடாமல் வேலை செய்தது. அக்கா வகுப்பறையில் சாலைக் குறியீடுகளைச் சொல்லிக்கொடுத்தபடி காத்திருந்தாள். ஒருநாள் வெங்காயம் முழுவதையும் நறுக்கி முடித்துவிட்டாள். இன்னொரு நாள் ஒரு முழுச் சினிமாவையும் எழுந்து ஓடாமல் பார்த்தாள். இப்படியே நாள்கள் நகர, டாக்டர் சரி என்றார். முதலாளியம்மா சாவியைக் கொடுத்தாள். அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

புது மாணவர் ஒரு பல் டாக்டர். அடுத்தவர் வாயில் துளை போடும்போது நடுங்காத மனுஷன், ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் வெலவெலத்துப்போவார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குச் சந்திலிருந்து ஒரு லாரி, ஹாரனும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, அப்படியே குறுக்கே வந்து நின்றது.

அக்கா மிதித்தாள். வண்டி லாரிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவள் நெஞ்சு திக்கென்று அடித்துக்கொண்டது, கை காலெல்லாம் உதறியது. அவ்வளவுதான், வந்துவிட்டது என்று நினைத்தாள். எப்படியோ வண்டியைப் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்து, சாவியை முதலாளியம்மாவின் மேசையில் வைத்தாள்.

"வந்துடுச்சும்மா. வண்டிக்குள்ளயே வந்துடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

வீட்டுக்காரர் அவளைக் கையோடு டாக்டரிடம் அழைத்துப்போனார். அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"லாரி நின்னதும் என்ன பண்ணீங்க?"

"இறங்கினேன்."

"இறங்கி நடைபாதையில உட்கார்ந்தீங்களா?"

"இல்ல டாக்டர், லாரிக்காரனைத் திட்டினேன். கண்ணு பொடனியிலயா இருக்குன்னு கேட்டேன். இன்னும் நிறைய கேட்டேன், அதெல்லாம் இங்க சொல்ல முடியாது. அப்புறம் பல் டாக்டர் மயங்கற மாதிரி இருந்தாரு, தண்ணி குடுத்தேன். நியூட்ரல்ல போடச் சொல்லி, மறுபடியும் ஸ்டார்ட் பண்ண வச்சு, அவரையே ஓட்டிட்டு வரச் சொன்னேன்."

"அப்ப படபடப்பு இருந்துச்சா?"

அக்கா யோசித்தாள். திட்ட ஆரம்பித்தபோது இருந்தது. திட்டி முடித்தபோது? அது எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

"லாரி வந்துச்சு, பயந்தீங்க. லாரி போச்சு, பயமும் போச்சு. இதுக்கெல்லாம் என்கிட்ட மருந்து கிடையாது" என்றார் டாக்டர். "காரணமில்லாம வர்றதுக்குத்தான் மாத்திரை. இந்தப் பயம் உங்ககிட்டயே இருக்கட்டும். அதுவும் இல்லன்னா பிரேக்கை யாரு மிதிக்கிறது?"

"அப்ப இது... எல்லாருக்கும் வர்ற பயமா?"

"எல்லாருக்கும் வர்றதுதான். நானா இருந்தா இன்னும் நடுங்கிட்டு இருப்பேன்."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது. எத்தனை காலத்துக்குப் பிறகு, ஊரில் எல்லோரும் பயப்படுகிற மாதிரி பயந்திருக்கிறாள்! பக்கத்தில் இவளைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தார் வீட்டுக்காரர்.

வெளியே வந்ததும் முதலாளியம்மாவுக்குப் போன் போட்டு, டாக்டர் சொன்னதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். "சாவியை யாருக்கும் குடுத்துடாதீங்கம்மா!"

"யாரு குடுத்தா? நீ வச்ச இடத்துலயேதான் கிடக்கு. பல் டாக்டர் எல்லாத்தையும் சொன்னாரு. நாளைக்கும் நீதான் வேணுமாம். லாரிக்காரனை நீ திட்டினியே, அதுவும் பாடத்துல சேர்த்தியான்னு கேக்கறாரு."

"சேர்த்திதாம்மா" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "முதல்ல அதைத்தான் சொல்லிக் குடுக்கப் போறேன்."