ஒன்பதாம் நாள் சவாரி

பட்டியலில் மூன்று பெயர்கள் இருந்தன. இரண்டு பேர் வந்து வண்டிக்குள் உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. மூன்றாவது ஆளைக் காணோம். பட்டியலில் உள்ள அத்தனை பேரும் ஏறாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனியின் சட்டம். சட்டம் போட்டவன் ஏசி அறையில் இருக்கிறான். நான் கான்கூன் விமான நிலையத்தின் வெளிவாசலில், நாலரை மணி வெயிலில், பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அட்டையில் 'அம்பாரோ பெர்லாங்கா, சால்தில்யோ' என்று இருந்தது. சால்தில்யோ வடக்கே எங்கேயோ மலைப்பக்கம். அங்கிருந்து கடல் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாக ஓடித்தான் வருவார்கள்.

அன்றைக்கு என் மனைவி நீடியா இறந்து ஒன்பதாம் நாள். சாவு விழுந்த வீட்டில் ஒன்பது நாளும் சாயங்காலம் ஜெபமாலை சொல்வது எங்கள் வழக்கம். படத்துக்குக் கீழே தரையில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு சிலுவை போட்டிருக்கும். ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் தலை, நெஞ்சு, இரண்டு கை, கால் என்று ஐந்து பேர் அதை ஐந்து பங்காக அள்ளி எடுப்பார்கள். அந்த ஐந்து பேரும் சொந்தக்காரர்களாக இருக்கக் கூடாது. புருஷன் மெழுகுவத்தி பிடித்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். அப்படிச் சிலுவையைத் தூக்கினால்தான் போனவள் நிம்மதியாகப் போவாள். ஆறரைக்கு ஜெபம். ஜெபம் சொல்லும் சொலேதாத் அம்மாவுக்கு ஏழரைக்கு இன்னொரு சாவு வீடு இருந்தது. எனக்காக ஒரு நிமிஷம் காத்திருக்கிற ஜாதி இல்லை அவள்.

அப்படியிருக்க ஏன் வேலைக்கு வந்தாய் என்று கேட்பீர்கள். மூன்று நாள் லீவு கொடுத்தார்கள். நாலாம் நாள் வந்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்தால் மாமியார் என் முகத்தையே பார்க்கிறாள். நான் அழவில்லை என்பதை அவள் கவனித்துவிட்டாள். அழக் கூடாது என்று எனக்கு வைராக்கியம் எதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் இருக்கிற மாதிரியே தெரியாது. உடம்பு முழுக்க அப்படி ஆகிவிட்டது. ஐந்தாம் நாள் வண்டிக் கதவு கட்டைவிரலில் சாத்திக்கொண்டது. நகம் கறுத்துப்போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மூன்றாவது ஆள் எங்கே என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். பெட்டி எடுத்துக்கொண்டு வெளியே வருகிற வழியில் ஒரு நீளமான கூடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் மேஜை போட்டு, எங்கள் சட்டை மாதிரியே சட்டை போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் நிற்கும். "உங்க வண்டி இன்னும் வரலைங்க, இப்படி உக்காருங்க" என்று ஆரம்பிப்பார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். உட்கார்ந்தால் கடற்கரை வீட்டில் வருஷத்துக்கு ஒரு வாரப் பங்கை விற்காமல் விடமாட்டார்கள். டிரைவர்கள் உள்ளே போக அனுமதி இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் என் மைத்துனன் காஸ்பர் இருந்தான். நீடியாவின் தம்பி. அவனுக்குப் போன் போட்டேன்.

"டேய், சால்தில்யோலேர்ந்து ஒரு அம்மா வந்திருக்கணும். பெர்லாங்கா. உள்ளே யாராவது அமுக்கி வெச்சிருக்கீங்களா?"

"பச்சைப் பெட்டியா மாமா?"

"பெட்டி என்ன கலர்னு எனக்கெப்படிடா தெரியும்?"

"என்கிட்டதான் இருக்காங்க. காபி குடிக்கிறாங்க. காலைலேர்ந்து நாலு பேர் கைநழுவிப் போயாச்சு. சிக்கினது இது ஒண்ணுதான்."

"உங்க அக்காவுக்கு இன்னைக்குச் சிலுவை தூக்கணும். ஞாபகம் இருக்கா?"

"நான் மட்டும் மறந்துட்டேனா? அஞ்சு நிமிஷம் மாமா."

இந்த ஊரில் அஞ்சு நிமிஷம் என்பதற்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. வண்டிக்குள் இருந்த இரண்டு பேரும் புவேப்லாவிலிருந்து வந்த புதுமணத் தம்பதி. பையன் ஜன்னலை இறக்கினான்.

"அண்ணே, கிளம்பலாமா?"

"இன்னும் ஒருத்தர் வரணும் தம்பி. பத்து நிமிஷம்."

"வந்ததுலேர்ந்து பத்து நிமிஷம்தான் சொல்றீங்க," என்றாள் அந்தப் பெண் உள்ளேயிருந்து. "எங்க கல்யாணமே இதைவிடச் சீக்கிரம் முடிஞ்சது."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். வேடிக்கைதான் என்று புரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

ஐந்தே காலுக்குக் காஸ்பர் வெளியே வந்தான். பச்சைப் பெட்டியை அவனே இழுத்துக்கொண்டு வந்தான். அந்தக் கூடத்து ஆட்கள் பிடித்த ஆளைத் தாங்களே வாசலுக்குக் கொண்டுவந்து விட்டு நான் பார்த்ததில்லை; மேஸ்திரி பார்த்தால் மறுநாள் வேலை இருக்காது. அவனுக்குப் பின்னால் எழுபது வயதுக்கு ஓர் அம்மா, நல்ல உயரம், ஒரு முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தார்.

"நீதான் டிரைவரா? வெயில்ல காயப் போட்டுட்டேனே உன்னை," என்றார். வடக்கத்தியர்களின் உரத்த குரல். "நல்ல பையன்ப்பா இவன். பேசித் தள்ளிட்டு இருந்தான். திடீர்னு வாயடைச்சுப் போச்சு. இன்னும் கொஞ்சம் பேசியிருந்தா வீட்டை வாங்கித் தொலைச்சிருப்பேன்."

அவரை ஏற்றிவிட்டு, பெட்டியைப் பின்னால் வைக்கும்போது காஸ்பர் என் பக்கத்தில் வந்து நின்றான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"மாமா, இவங்க அக்காவைக் கேக்கிறாங்க."

"யாரை?"

"நீடியாவை. பதினோரு வருஷமா இவங்க தங்கற ஹோட்டல் ரூமை அக்காதான் பாத்துக்கிட்டாளாம். அவளுக்குன்னு என்னமோ கொண்டு வந்திருக்காங்க. நான் சொல்லல. வாய் வரல. நீ சொல்லிடு."

நான் பெட்டியின் பட்டையை இறுக்கினேன்.

"இன்னொண்ணு. அக்காகூட வேலை பாத்த மிர்னாவால வர முடியாதாம். ஹோட்டல் சலவையில டபுள் ஷிஃப்ட் போட்டுட்டாங்க. சிலுவைக்கால் எடுக்க ஆள் இல்லை."

"யாராவது எடுப்பாங்க."

"யாராவதுன்னா?"

"யாராவதுதான்டா. போ, பைக்கை எடு."

வண்டியைத் தெற்கே விட்டேன். ஒன்று தெளிவாயிற்று. நீடியா வருஷத்துக்கு ஒருமுறை 'என் சால்தில்யோ அம்மா' என்று ஒருத்தரைப் பற்றிச் சொல்வாள். பெயர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பிளீச்சிங் தண்ணீரில் வெடித்த அவள் கைக்கு அந்த அம்மா வால்நட் எண்ணெயில் காய்ச்சிய களிம்பு கொண்டுவருவார். தீர்ந்துபோன டப்பாக்களில் நான் ஆணியும் திருகும் போட்டு வைத்திருக்கிறேன். பதினோரு டப்பா இருக்குமா என்று எண்ணிப் பார்த்ததில்லை.

புதுமணத் தம்பதியை வழியில் அவர்கள் ஹோட்டலில் இறக்கினேன். வாசல் காவலாளி பட்டியலைத் தலைகீழாகவும் படித்துப் பார்த்தான். கிளம்பும்போது மணி ஆறு. அம்பாரோ அம்மா எனக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். பேச ஆள் கிடைத்தால் விடுகிறவர் இல்லை என்று தெரிந்தது.

"நான் தங்கற ஹோட்டலுக்கு தினம் போவியா?"

"வாரத்துல அஞ்சு நாள் போவேன்மா."

"அப்ப நீடியாவைத் தெரியுமே. தரைத்தளம், ரூம் பாக்கிற பொண்ணு. வெராகுருஸ்காரி. இருக்காளா இன்னைக்கு?"

சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு எனக்கு வலிக்கவில்லை என்பதுதான் விஷயம். வலிக்காமல் அதைச் சொல்லக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

"லீவும்மா," என்றேன்.

"சனிக்கிழமையா? ஹோட்டல்ல பாதி ரூமுக்கு ஆள் மாறுற நாள். யார் அவளுக்கு லீவு கொடுத்தது?" என்று அவர் விசாரணை வைத்தார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "என் வீட்டுக்காரர் செத்துப்போன வருஷம் நான் தனியா வந்தேன். யார்கிட்டயும் சொல்லல. முதல் நாள் ரூமுக்குள்ள வந்தவ என்னைப் பார்த்தா, கட்டிலைப் பார்த்தா. ரெண்டு தலைகாணியில ஒண்ணை எடுத்துட்டு, மத்ததை நடுவுல நகர்த்தி வெச்சா. ஒரு வார்த்தை பேசல. அதுக்கு அப்புறம்தான் நான் தூங்கினேன்."

இதை நீடியா என்னிடம் சொன்னதே இல்லை. எங்கள் கட்டிலில் எட்டு நாளாக இரண்டு தலையணைகளும் அப்படியேதான் கிடந்தன.

"இரு, அவளுக்கே போன் போடறேன்," என்றார்.

வேண்டாம் என்று சொல்ல நேரம் இல்லை. கியருக்குப் பக்கத்துப் பள்ளத்தில் கிடந்த நீடியாவின் போன் அடித்தது. அதை நான் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன், ஏன் என்று கேட்காதீர்கள். அவளுக்குப் பிடித்த ஒரு குத்துப்பாட்டுதான் மணியோசை. திரையில் 'சால்தில்யோ அம்மா' என்று பெயர் மின்னியது. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். பாட்டு முழுசாக ஓடி நின்றது.

அவர் தன் போனைக் காதிலிருந்து மெதுவாக இறக்கினார்.

"நீ யாருப்பா?"

"நசாரியோ. அவ புருஷன்."

"அவ எங்கே?"

"இன்னைக்கு ஒன்பதாம் நாள்மா."

எங்கள் நாட்டில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் எப்படி என்று கேட்டார். காலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவள், சீருடையோடு பெஞ்சில் உட்கார்ந்தவள், பஸ் வந்தபோது எழுந்திருக்கவில்லை என்று சொன்னேன். மருந்துக்கடைக்கு வழி சொல்வதுபோலத்தான் சொன்னேன். குரலில் ஒன்றும் இல்லாதது அவருக்கும் கேட்டிருக்கும்.

ஹோட்டல் வாசல் வளைவு தெரிந்தது.

"ஜெபம் எத்தனை மணிக்கு?"

"ஆறரைக்கு."

"இப்ப ஆறு இருபது. வண்டியைத் திருப்பு."

"முடியாதும்மா. உங்களை இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கணும். கம்பெனி சட்டம்."

"பேனாவைக் கொடு."

தாளை முழங்கால்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "இறங்கிட்டேன். எழுத்துல இருக்கு பாரு. இப்ப போ."

பதினாறு வருஷத்தில் ஒரு பயணியைக்கூட நான் வேறு இடத்துக்குக் கொண்டுபோனதில்லை. வண்டியைத் திருப்பினேன்.

எங்கள் குடியிருப்பு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். கடல் ஹோட்டல்களுக்கு, காடு எங்களுக்கு. போய்ச் சேர்ந்தபோது ஜெபம் ஆரம்பித்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் தெருவரை போட்டிருந்தார்கள். காஸ்பர் விற்பனைச் சட்டையைக்கூட மாற்றாமல் நின்றான். மாமியார் என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் பயணப் பையோடு வந்த வடக்கத்திக்காரரைப் பார்த்தாள், மெழுகுவத்தியை என் கையில் கொடுத்தாள்.

ஜெபமாலை முடிந்தது. பக்கத்து வீட்டு ஆட்கள் தலையை எடுத்தார்கள், நெஞ்சை எடுத்தார்கள், இரண்டு கைகளையும் எடுத்தார்கள். அட்டைத் துண்டால் சுண்ணாம்பை வழித்துப் பெட்டியில் போட்டார்கள். தரையில் கடைசிப் பங்கு மட்டும் ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தது.

"காலுக்கு யாரு?" என்றாள் சொலேதாத் அம்மா. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள். யாரும் நகரவில்லை.

"நான் எடுக்கிறேன்," என்றார் அம்பாரோ அம்மா.

"நீங்க யாரு? உறவா?"

"உறவில்ல. அவ துடைச்ச தரையில பதினோரு வருஷம் நடந்திருக்கேன்."

சொலேதாத் அம்மா யோசித்துத் தலையசைத்தாள். அம்பாரோ அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை ஒரு பக்கம் நீட்டி, முனகிக்கொண்டே மண்டியிட்டார். காஸ்பர் அட்டையை நீட்டினான். அவர் வாங்கவில்லை. வெறும் கையால், விரல் விரலாக, சிமெண்டு விரிசலில் இருந்த பொடியைக்கூட விடாமல் அள்ளினார். ரொம்ப நேரம் ஆயிற்று. எல்லாரும் பாடினார்கள். நான் மெழுகுவத்தியை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். தரை காலியாயிற்று. நீடியா போய்விட்டாள் என்று மனசு கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னது, அவ்வளவுதான்.

காபியும் ரொட்டியும் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவரைத் தூக்கி நிறுத்த நான் கை கொடுத்தேன். எழுந்தவர் என் கையை விடவில்லை, திருப்பிப் பார்த்தார். கறுத்த நகத்தின் மேலும், கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரையிலும் மெழுகு வழிந்து உறைந்திருந்தது. அவர் நகத்தால் அதைச் சுரண்டி எடுத்தார். அடியில் தோல் சிவந்து கொப்பளித்திருந்தது.

"இது கொட்டினப்போ உனக்குத் தெரியலையா?"

"தெரியலம்மா."

அவர் முந்தியே கை கழுவியிருக்க வேண்டும், கழுவவில்லை. சுண்ணாம்புக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பைக்குள்ளிருந்து அந்தப் புதுக் களிம்பு டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். கொடுக்கக் கொண்டுவந்தது யாருக்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு விரலால் எடுத்து என் கைமேல் தடவினார். விரலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு பட்டது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அடியிலிருந்து, சுளீரென்று கிளம்பியது.

"எரியுதா?" என்றார்.

வாயைத் திறந்தேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை. மாமியார் காபித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"எரியுதும்மா," என்றேன். "ரொம்ப எரியுது."