பெருகோணும்

ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை இனி விழுங்குவதில்லை என்று நான் முடிவெடுத்தது உக்கடம் மேம்பாலத்தின் மேல். பொற்கொடி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டில் நான். மேம்பாலத்தில் வண்டியை நிறுத்த முடியாது, இறங்கி ஓடவும் முடியாது. என் வயிறு அந்த இடமாகப் பார்த்துத்தான் முறுக்க ஆரம்பித்தது.

பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பங்காரம்மா டிரைவிங் ஸ்கூல் என்று போர்டு இருக்கிறதே தவிர, ஒரே வண்டிதான், வாத்தியாரும் நான் ஒருத்திதான். வாய் நீளம் என்று ஊருக்குள் பேர் வாங்கியிருக்கிறேன். வாய் இல்லாமல் இந்தத் தொழில் செய்ய முடியுமா, என்ன? பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதிப்பவளிடம் குழைந்துகொண்டா இருப்பார்கள்?

"பொற்கொடி, பாலம் இறங்குனதும் ஓரங்கட்டு கண்ணு."

"எங்கீங்க மேடம், இண்டிகேட்டர் போட்டு..."

"எதையாவது போடு. நிறுத்து."

எதிரே தெரிந்த ஜவுளிக்கடைக்குள் ஓடினேன். கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக, "வாங்கம்மா, என்ன பாக்கறீங்க?" என்றார். "பாத்ரூம்" என்றேன். மானம் போயிற்று.

எனக்கு முடக்குவாதம். அதற்காக வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, ஒரு மாத்திரை. அதுதான் என் விரல்களை நேராக வைத்திருக்கிறது. ஆனால் திங்கள், செவ்வாயெல்லாம் வயிற்றை என்னிடம் விட்டுவைப்பதில்லை. உப்புசம், புளித்த ஏப்பம், பிறகு ஓட்டம். ஒருமுறை கொஞ்ச காலம் மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன். கார் சாவியைக்கூடத் திருப்ப முடியாமல் கை விறைத்துப்போனது. மறுபடி நிறுத்தினால் விரல் கோணிவிடும், கோணினது நிமிராது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மாத்திரை போட்டால் வண்டியில் உட்கார முடியாது, போடாவிட்டால் வண்டியைத் தொட முடியாது. இந்தத் தொழிலைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது.

அந்த வாரம் சனிக்கிழமை. என் வீட்டுக்காரர் வேங்கடபதி என்னை டாக்டர் ஃபர்சானாவிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"ஏனுங்கம்மா, போன தடவ வயித்துக்குன்னு கேப்சூல் குடுத்தனே, சாப்பிட்டீங்களா?"

"அத்தாப் பெருசு முழுங்க வரலீங்க. பிரிச்சு டீயில கலந்து குடிச்சேன்."

"டீ சூடா இருந்துதுங்களா?"

"ஆறுன டீய யாருங்க குடிப்பாங்க?"

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பாவம், பொறுமைசாலி.

"அது உசுருள்ளதுங்கம்மா. நல்ல கிருமி. சுடுற டீயில போட்டா வெந்து செத்துப்போயிருமுங்க. சும்மா தண்ணியில முழுங்குங்க. முடியலைன்னா வெதுவெதுப்பான பால்ல கலந்து உடனே குடிச்சிருங்க. அது உள்ள போயி நல்லா பெருகோணுமுங்க."

பிறகு என் சாப்பாட்டுக்கு வந்தார். பேக்கரி பப்ஸ் வேண்டாம். வகுப்புக்கு வகுப்பு டீ வேண்டாம். கொள்ளுப் பருப்பைக் கொஞ்ச காலம் தள்ளி வைக்க வேண்டும். இட்லி, ராகிக் கூழ், நன்றாக வெந்த காய், மோர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். முக்கியமாக, நானாக மெடிக்கலில் வாங்கிப் போடும் வலி மாத்திரையை அவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பாதி வயிற்றெரிச்சல் அதனால்தானாம்.

"எல்லாஞ் சரிங்க. இந்த ஞாயித்துக்கிழமையிலிருந்து அந்த மாத்திரைய மட்டும் போட மாட்டேன்" என்றேன்.

"ஒரே ஒரு மாசம் குடுங்கம்மா. அப்பறம் நீங்க சொல்றபடி மாத்தி யோசிக்கலாம்."

நான் எழுந்து வந்துவிட்டேன்.

இங்கே எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு, பல தலைமுறையாகக் கோயம்புத்தூர்த் தண்ணீர் குடித்து பாதி தமிழாகிப்போன தெலுங்கு. அதில் தயிருக்குப் பேர் பெருகு. தமிழில் பெருகுவது என்றால் பலமடங்காவது என்று வேங்கடபதிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் டாக்டர் பேசும்போது மனுஷனுக்குப் பாதி கவனம் செல்போனில். பால் என்பது காதில் விழுந்திருக்கிறது, நல்லா பெருகோணும் என்பதும் விழுந்திருக்கிறது. நல்ல பெருகு ஓணும், அதாவது நல்ல தயிர் வேணும். அவ்வளவுதான், அவருக்குப் புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலமே பாலைக் காய்ச்சி, ஆற்றி, கேப்சூலைப் பிரித்துக் கொட்டி, கிண்ணத்தை மூடி வைத்துவிட்டார். நான் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வகுப்பு முடிந்து வந்த பிறகு.

"இதென்னங்க?"

"டாக்டரம்மா சொன்ன பெருகு. உனக்குத்தான்."

"உறை ஊத்துனீங்களா?"

"கேப்சூலத்தான் போட்டேன். அதத்தான சொன்னாங்க?"

விஷயம் விளங்கியதும் நான் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டேன். காது எங்கே போச்சு, மூளை எங்கே போச்சு, மருந்தைப் போட்டால் பால் கெட்டுத்தான் போகும், எடுத்துக் கொட்டுங்கள் என்று கத்தினேன். அவர் மூடியைத் திறந்து, கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினார்.

அது அசையவில்லை.

கட்டித் தயிர். மேலே லேசான ஆடை, ஓரத்தில் கொஞ்சம் தெளிநீர். மோந்து பார்த்தேன். இளம்புளிப்பு. எத்தனையோ வருடமாகத் தயிர் தோய்க்கிறேன், பழைய தயிரிலிருந்து புதுத் தயிர் வருவது எனக்கு ஒரு அதிசயமாகவே பட்டதில்லை. இது மெடிக்கலில் வாங்கிய அட்டைக்குள், சுண்டுவிரல் நகமளவு பொடியாகக் கிடந்தது. அது விழித்துக்கொண்டு, ஆள் சேர்த்துக்கொண்டு, ஒரு கிண்ணம் பாலை உறைய வைத்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கத்திக்கொண்டிருந்த வாய் தானாக மூடிக்கொண்டது. வேங்கடபதி பயந்துபோய், "பங்காரு, என்னாச்சு?" என்று கேட்டார்.

டாக்டருக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அதச் சாப்பிட்டுப்போடாதீங்கம்மா. நீங்க வழக்கமா தோய்க்கிற தயிரே போதும். கேப்சூல கேப்சூலா முழுங்குங்க."

"ஏனுங்க டாக்டர், அத்தனையும் உசுரா?"

"கோடிக்கணக்குலீங்க. உங்க வயித்துக்குள்ள ஏற்கெனவே அதவிடப் பல மடங்கு இருக்குதுங்க. நீங்க திங்கிறதுலதான் அதுகளுக்கும் சோறு."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அந்தக் கிண்ணத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வயிறு, அது என் பேச்சைக் கேட்கவில்லை என்று இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு ஊரே குடியிருக்கிறது. ஒரு வேளை பப்ஸும் டீயும், மறு வேளை வலி மாத்திரையுமாகக் கொட்டி அந்த ஊரைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறேன். அப்படியும் அவை இருந்தன. கேள்வி கேட்காமல் வேலை செய்துகொண்டே இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று இரவு சாப்பிட்டபின் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை விழுங்கினேன். ஒரு மாசம்தானே, பார்த்துவிடலாம்.

கேப்சூலையும் தண்ணீரில் விழுங்கப் பழகிக்கொண்டேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொள்ளு இல்லாத சோற்றையும் டீ இல்லாத காலையையும் நான் சபிக்காத நாளில்லை. ஆனால் புளித்த ஏப்பம் குறைந்தது. செவ்வாய்க்கிழமைகள் மற்ற நாட்களைப் போல ஆயின. உப்புசம் அடியோடு போய்விட்டதாகப் பொய் சொல்ல மாட்டேன். அவ்வப்போது வந்து எட்டிப் பார்க்கும். ஆனால் நான் மாத்திரையை நிறுத்தவில்லை.

மாசம் முடிகிற சமயம் பொற்கொடிக்கு லைசென்ஸ் வந்தது. மாசாணியம்மனுக்கு வேண்டுதல், நானே ஓட்டிக்கொண்டு போகவேண்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றாள். ஆனைமலை வரை, வழியில் எங்கேயும் நிறுத்தாமல். முன்பென்றால் வரமாட்டேன் என்றிருப்பேன். போனேன்.

பொள்ளாச்சி தாண்டி ஒரு திருப்பத்தில், தேங்காய் ஏற்றிய லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு எதிரே வந்தது. பொற்கொடி ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கற்றுக்கொடுக்கிற வண்டி, என் காலுக்கடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது, ஆனால் ஸ்டியரிங்குக்குக் கைதான் போகவேண்டும். போயிற்று. விரல் ஐந்தும் மடங்கின, இறுக்கிப் பிடித்தன, திருப்பின. லாரி உரசாமல் போனது.

வண்டி ஓரத்தில் நின்றது. பொற்கொடி அழுதுகொண்டிருந்தாள். அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தக் கையை மெதுவாக வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன்.

"ரொம்ப நன்றிங்க" என்றேன்.

பொற்கொடி அழுகையை நிறுத்தினாள். "எனக்கு எதுக்குங்க மேடம் நன்றி?"

"உனக்கில்ல அம்மணி. உள்ள இருக்கறவங்களுக்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.