ஒரு மணி நேரத் தூரம்

அடுத்த ஊருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். பூட்டு ரிப்பேர்க்காரர் சைக்கிளில் கிளம்பி எட்டு வருடமாகியும் போய்ச் சேரவில்லை. தொலைந்துபோனார் என்றும் சொல்ல முடியாது. காலை பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் அவரை அநேகமாகத் தினமும் பார்த்தார்கள். ஒருநாள் மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். இன்னொருநாள் கால்வாயில் காலை விட்டுக்கொண்டு கொய்யாப்பழம் தின்பார். அவரை வரச்சொன்ன ஆள் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, கதவையே உடைத்து வேறு கதவு மாட்டிக்கொண்டார். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் போகவில்லை.

அந்தச் சாலை அப்படி. அவசரப்படாதவர்களுக்கு நீண்டுகொடுக்கும். ஊரில் யாரும் இதை ஆராயவில்லை, எல்லாருக்கும் வேலை இருந்தது. சங்கடம் என்னவென்றால், பூட்டுக்காரரின் மனைவிதான் அந்த பஸ்ஸுக்குக் கண்டக்டர். முதல் வாரமே விசில் அடித்து வண்டியை நிறுத்தி, இறங்கி ஓடிப் பார்த்தார். ஓட ஓட பூட்டுக்காரர் அதே தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். ஆபீஸ் போகிறவர்கள் சத்தம் போட்டதும் கண்டக்டரம்மா மூச்சு வாங்கத் திரும்பி வந்து ஏறிக்கொண்டார். அதன்பிறகு குடும்பம் நடந்ததெல்லாம் ஜன்னல் வழியாகத்தான், ஒரு டிரிப்புக்கு ஒரு வாக்கியம். “வீட்டுக் குழாய் ஒழுகுது!” என்று இவர் கத்துவார். “வாஷரை மாத்து!” என்று மறுநாள் பதில் வரும். “இறக்கத்துல மிதிக்காமலே வந்தேன், சட்டையெல்லாம் காத்து!” என்று அவர் ஒருநாள் கத்தினார். “ரொம்ப முக்கியம்!” என்று இவர் அடுத்த நாள் கத்தினார். ஒரு சண்டை முடிய ஒரு மாதம் பிடிக்கும். சண்டை முடிவதற்குள் எதற்குத் தொடங்கியது என்பது மறந்துபோய், பயணிகள்தான் எடுத்துக்கொடுப்பார்கள். ஆனாலும் அவர் கண்ணில் படாத நாளில் கண்டக்டரம்மா டிக்கெட்டைத் தப்புத் தப்பாகக் கிழித்தார்.

பிறகு ரிட்டயர்மெண்ட் வந்தது. மாலை போட்டு, போட்டோ எடுத்து, பையையும் விசிலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை பஸ் கிளம்பும் நேரத்துக்குக் கண்டக்டரம்மா சமையலறையில் நின்று அழுதார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள், “டிக்கெட் எடுத்துப் போய்ப் பாருங்களேம்மா” என்றாள்.

“ஜன்னல்ல பாத்தது போதும்டி. எனக்கு அந்த மனுஷன் பக்கத்துல உக்காரணும்.”

அந்த வயதில் சைக்கிள் பழகினார். இரண்டு முழங்காலிலும் தோல் பெயர்ந்தது. பழகி முடித்து ஒரு காலையில் கிளம்பி, மதியத்துக்குள் அடுத்த ஊரில் போய் நின்றார். வழியில் பூட்டுக்காரர் இல்லை. மறுநாளும் அப்படியே. பழக்கதோஷம்தான் காரணம். கண்டக்டரம்மா சைக்கிளையும் பஸ் டைமிங்கில் ஓட்டினார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றார், கடிகாரம் பார்த்தார், ‘போலாம் ரைட்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளம்பினார். ஏறுவதற்கு ஆளில்லாத ஸ்டாப்பில் சைக்கிள் ஏன் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த தடவை, இரண்டு ஸ்டாப்புக்கு நடுவில் டயர் பஞ்சரானது. அந்த இடத்தில் அவர் வாழ்நாளில் இறங்கியதே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார், ஐயோ லேட் என்றார், யாருக்கு லேட் என்று யோசித்தார், சனியன் பிடித்த சைக்கிள் என்று அதை ஓர் உதை உதைத்தார். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து ஆசை தீர அழுதார். அழுது முடிந்ததும் பசித்தது. கொண்டுவந்திருந்த வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு, புடவைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிப்போனார். எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது, காற்றில் அறுத்த புல் வாசனை. மணி பார்க்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வேலியில் உட்கார்ந்திருந்த குருவிகளை வேடிக்கை பார்த்தபடி நடந்தார். வளைவு திரும்பியதும் ஒரு சின்னப் பாலம். முப்பது வருடம் போய்வந்த சாலையில் அவர் பார்த்திராத பாலம். அதன் கட்டையில் பூட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

“பஞ்சரா? குடு,” என்று கை நீட்டினார்.

கண்டக்டரம்மா சைக்கிளைக் கொடுக்கவில்லை. எட்டு வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டார்: “என்னை விட்டுட்டு ஏன் போனீங்க?”

பூட்டுக்காரர் நிஜமாகவே குழம்பிப்போனார். “நான் எங்க போனேன்? நீதானே தினமும் என்னைத் தாண்டிப் போன.”

அவர் சைக்கிளில் செருகியிருந்த காற்றடிக்கிற பம்பைப் பிடுங்கி அவர் முதுகில் இரண்டு வைத்தார் கண்டக்டரம்மா. பிறகு கட்டையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை, அம்மாவைத் தேடி பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகள், இருவரும் இறக்கத்தில் மிதிக்காமல் வருவதைப் பார்த்தாள். அம்மாவின் கையில் கடிகாரம் இல்லை, தலைமுடி அவிழ்ந்து பறந்தது. எப்பம்மா வருவீங்க என்று கத்தினாள். அடுத்த நாள் காலையில்தான் பதில் வந்தது. வழியில் ஆறு ஒன்று இருக்கிறதாம், அதைப் பார்த்துவிட்டு வருகிறார்களாம். அந்தச் சாலையில் ஆறு கிடையாது. மகள் சரி என்று கையசைத்துவிட்டு டிக்கெட் வாங்கிக்கொண்டாள்.