இரங்கல் அட்டையில் ஒரு சொல்

திங்கட்கிழமை காலையில் வேதநாயகிக்குப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் வந்து சேரும். வைட்ஃபீல்டில் அவள் வேலை பார்த்த நிறுவனம், கைபேசியில் ஆங்கிலம் கற்றுத்தரும் செயலி ஒன்றை நடத்தியது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், புழங்கும் விதம், பிறந்த கதை, இரண்டு உதாரண வாக்கியங்கள். வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரவேண்டும்.

தந்துவிடுவாள். ஆனால் சொற்கள் அவளை விடாது. 'சில்லி' என்றால் இன்றைக்கு அசடு. ஒரு காலத்தில் அது பேறு பெற்றவனைக் குறித்தது. பேறு பெற்றவன் சூதறியாதவனாகி, சூதறியாதவன் பரிதாபத்துக்குரியவனாகி, கடைசியில் அசடாகி நின்ற அத்தனை நூறு வருஷமும் அவள் ஆபீஸ் பஸ்ஸின் ஜன்னலில் தலை சாய்த்தபடி கூடவே நடந்து வருவாள். 'டெய்சி' என்ற பூவின் பெயருக்குப் பகலின் கண் என்று அர்த்தம். விடிந்தால் திறக்கும், இருட்டினால் மூடும். பஸ் ஹோப் ஃபார்ம் சிக்னலில் முக்கால் மணி நேரம் நின்றாலும் அவளுக்குத் தெரியாது. அவள் பார்த்தே இராத ஏதோ ஒரு புல்வெளியில் ஆயிரம் கண்கள் மெல்ல மூடிக்கொண்டிருக்கும்.

அவளுக்கு வயது முப்பத்தாறு. சொந்த ஊர் குடியாத்தம். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலத்தை அகராதியிலிருந்துதான் கற்றுக்கொண்டாள், ஒரு பக்கம் ஆங்கிலம், எதிரே தமிழ். இருபத்துநாலு வயதில் டேட்டா என்ட்ரி வேலை கிடைத்துப் பெங்களூர் வந்தபோது, காக்ஸ் டவுனில் ஒரு வீட்டின் மாடியறை வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரி மௌரீன், பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. இவளைவிட ஒன்பது வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா ரோஸ்மேரியுடன் கீழே இருந்தாள்.

ஐந்து வருஷம் வேதா அங்கே இருந்தாள். முதல் மாதத்திலேயே மௌரீன் அவளுக்கு அக்காவாகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும், "வேதா, கீழ வா, சாப்பாடு ரெடி" என்று படிக்கட்டிலிருந்து குரல் வரும்.

மூன்றாவது வருஷம் ரோஸ்மேரி ஆன்ட்டிக்கு நினைவு தப்பத் தொடங்கியது. முதலில் ஆட்களின் பெயர் போயிற்று. பிறகு பொருள்களின் பெயர். ஸ்பூன் 'குட்டிக் கை' ஆனது. ஒருநாள் மத்தியானம் ஜன்னலைக் காட்டி, "அந்தக் காத்தோட கண்ணைத் தெறந்து விடு" என்றாள். மௌரீன் ஒன்றும் கேட்காமல் எழுந்துபோய்த் திறந்துவிட்டாள்.

வேதா பிற்பாடு ஒருநாள் 'விண்டோ' என்ற சொல்லுக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது, வட ஐரோப்பியக் கடலோடிகளின் பழைய மொழியில் அதற்குக் காற்றின் கண் என்றே பொருள் என்று கண்டாள். தமிழிலும் ஜன்னலுக்குக் காலதர் என்று ஒரு பழைய பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சொற்களை ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருந்த ஆன்ட்டி, அவை புறப்பட்ட இடத்துக்கே போய்க்கொண்டிருந்தாளோ என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. மௌரீனுக்கு உடனே போன் செய்ய வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை. அதற்குள் மௌரீன் அவளுடன் பேசுவதை நிறுத்தி நான்கு வருஷம் ஆகியிருந்தது.

ஏன் என்று வேதாவுக்குத் தெரியாது. இவ்வளவுதான் நடந்தது. வேறு வேலை கிடைத்து அவள் வைட்ஃபீல்டுக்குக் குடிமாறினாள். சில மாதங்களில் ஆன்ட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தாள், மூன்று வாரத்தில் இறந்துபோனாள். அப்போது வேதா வேலூரில், அப்பாவின் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். அடக்கத்துக்கு வர முடியவில்லை. ஒரு இரங்கல் அட்டை வாங்கி, மனதில் இருந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள். அதற்குப் பிறகு மௌரீன் போனை எடுக்கவில்லை. ஒருமுறை நேரில் போனபோது கேட்டுக்கு உள்ளேயே நின்று, "கொஞ்சம் வேலை இருக்கு வேதா" என்றாள். வேதா இன்னும் இரண்டு தடவை போனில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனாள். அடக்கத்துக்கு வராத கோபம் என்று நினைத்துக்கொண்டாள். மொத்தம் ஏழு வருஷம் ஓடிவிட்டது.

இந்த வாரத்துப் பட்டியலில் ஏழாவது சொல் 'பெதட்டிக்'.

புதன்கிழமை காலை அதை எடுத்தாள். இன்றைய பொருள் எல்லோருக்கும் தெரிந்தது: கேவலமான, படுமோசமான. பிறந்த கதை வேறு. கிரேக்க மொழியில் பேதோஸ் என்றால் ஒருவர் படும் துன்பம், உணர்ச்சி. அதிலிருந்து வந்த இந்தச் சொல் முன்பு நெஞ்சை உருக்குகிற எதையும் குறித்தது. கூட அனுபவிப்பது என்ற பொருளில் வரும் 'சிம்பதி'யும் இதன் கூடப் பிறந்ததுதான். ஏளனம் பின்னால்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

பழைய பொருளுக்கு ஓர் உதாரண வாக்கியம் வேண்டும். அவள் யோசிக்கக்கூட இல்லை. விரல்கள் தாமாகவே அடித்தன. தி வே யூ லுக்ட் ஆஃப்டர் யுவர் மதர் வாஸ் பெதட்டிக்.

அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? ஆஸ்பத்திரி வராந்தா நினைவுக்கு வந்தது. மடியில் அட்டை. அகராதியில் 'உருக்கமான' என்பதற்கு எதிரே படித்த சொல். எவ்வளவு அழகான சொல் என்று எண்ணிக்கொண்டு பேனாவை அழுத்தி எழுதியது. நீங்கள் உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்ட விதம் உருக்கமாக இருந்தது.

அந்த அட்டையை ஓர் ஆங்கில ஆசிரியை பிரித்து என்னவென்று படித்திருப்பாள்?

எழுந்து போய் முகம் கழுவினாள். திரும்பி வந்து வாக்கியத்தை அழித்தாள், வேறொன்று எழுதினாள். பக்கத்து இருக்கையில் இருந்த எடிட்டர் பத்ரிநாத், "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"இல்ல சார். அரை நாள் லீவு வேணும்."

"எடுத்துக்கங்க. அந்தப் பெதட்டிக் மட்டும் முடிச்சிட்டீங்களா?"

"அதை முடிக்கத்தான் போறேன்" என்றாள். அவருக்குப் புரியவில்லை.

மெட்ரோவில் கூட்டமில்லை. தண்டவாளத்துக்குக் கீழே மரங்களும் தண்ணீர்த் தொட்டிகளும் கட்டி முடிக்காத கட்டிடங்களும் வெயிலில் மிதந்துபோயின. ஒரு சொல் ஊரைவிட்டுக் கிளம்புகிறது, வழியில் உடை மாறுகிறது, முகம் மாறுகிறது, போய்ச் சேரும்போது வாசலில் இருப்பவருக்கு அடையாளம் தெரிவதில்லை. வேலூரிலிருந்து காக்ஸ் டவுனுக்கு இருநூறு கிலோமீட்டர்தான் இருக்கும். அதற்குள் அவளுடைய சொல் பல நூறு வருஷம் நடந்து, கெட்டுப்போய்க் கதவைத் தட்டியிருக்கிறது. சுவாமி விவேகானந்தா ரோடில் இறங்கி ஆட்டோ பிடித்தாள். அல்சூர் ஏரி ஒரு வெள்ளித் தகடு போல வந்து மறைந்தது.

மௌரீன் அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்திருந்தாள். முன்நெற்றி முடி முழுக்க நரைத்திருந்தது. கம்பிக் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றாள்.

"என்ன விஷயம் வேதா?"

"ஒரு வார்த்தையைத் தப்பா எழுதிட்டேன்க்கா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"எந்த வார்த்தை?" என்றாள் மௌரீன். ஆனால் அவள் கை கம்பியை இறுக்கிப் பிடித்தது.

"பெதட்டிக்."

எதிர்வீட்டில் குக்கர் இரண்டு விசில் அடித்தது. மௌரீன் தாழ்ப்பாளை விலக்கினாள்.

உள்ளே நாற்காலிகள் இடம் மாறியிருந்தன. வேதா உட்காராமலே சொன்னாள். "அகராதியில உருக்கமானன்னு போட்டிருந்துதுக்கா. எனக்கு அது ஒண்ணுதான் தெரியும். வேற அர்த்தம் இருக்குன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சப்பகூட அதைத்தான் உங்களுக்கு எழுதினேன்னு ஞாபகம் வரல. இன்னைக்குத்தான் வந்துச்சு."

மௌரீன் ஃபேனைப் போட்டாள்.

"நான் இங்கிலீஷ் டீச்சர் வேதா. நம்ம ஊர் பேப்பர்ல ரோடு பெதட்டிக் கண்டிஷன்ல இருக்குன்னு தினம் வருது. பிள்ளைங்க பரிதாபம்ங்கிறதுக்குப் பரீட்சையில அப்படித்தான் எழுதுது. உன் இங்கிலீஷ் எனக்குத் தெரியாதா? ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா புரிஞ்சிருக்கும்."

"பின்ன ஏன்க்கா?"

"யோசிக்க விருப்பமில்ல. நானே என்னை அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன். உன் கார்டைப் பாத்ததும், சரி, ஒருத்தி கண்டுபிடிச்சுட்டான்னு தோணிச்சு." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "மம்மி விழுந்த அன்னைக்கு மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். போகல. முடி வெட்டிக்கப் போனேன். வெட்டி முடிச்சும் வீட்டுக்கு வர மனசில்ல. பார்க் பெஞ்சுல அரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன். நல்லா இருந்துச்சு. அதான் தாங்கல. அவ்வளவு நல்லா இருந்துச்சு."

வேதா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஆறுதலுக்கு அவளிடம் எந்தச் சொல்லும் இல்லை. தான் பார்த்ததை மட்டும் சொன்னாள்.

"ஆன்ட்டி சாயங்காலம் பூரா ஒரே கேள்வி கேப்பாங்க. 'ஸ்கூல் விட்டாச்சா?' நான் ஒருநாள் படிக்கட்டுல உக்காந்து எண்ணினேன். நாப்பத்தோரு தடவை. நீங்க நாப்பத்தோரு தடவையும் 'இப்பத்தான் விட்டாங்க மம்மி'ன்னீங்க. ஒரு தடவைகூடக் குரல் உயரல. மொதத் தடவை கேக்கறவங்களுக்குச் சொல்ற மாதிரியே சொன்னீங்க. எனக்கு மாடிக்குப் போக முடியல, அழுகை வந்துடுச்சு. அதைத்தான் எழுதணும்னு நெனச்சேன்க்கா."

வேதா தான் எழுதிக்கொண்டிருந்த குறிப்பையும் அந்தச் சொல்லின் பிறப்பையும் சொன்னாள்: பேதோஸ், ஒருவர் படுவது.

"படுறதா?" மௌரீன் நிமிர்ந்தாள். "பாடுன்னு சொல்லு. எங்க சர்ச்சுல ஆண்டவரோட பாடுகள்னுதான் சொல்லுவோம். குட் ஃப்ரைடேக்கு முன்னாடி நாப்பது நாளும் அதேதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "கார்டைக் கிழிச்சுப் போட்டுட்டேன். ஆனா லைன் மனப்பாடம்."

கண்ணை மூடிக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொன்னாள். வகுப்பில் செய்யுளை வாசிப்பது போல நிதானமாக, கடைசிச் சொல்லில் குரலைத் தாழ்த்தி. ஏழு வருஷமாக அவளை அடித்துக்கொண்டிருந்த வாக்கியம் அதே எழுத்துகளோடு வேறொன்றாகிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை முடிக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. வேதா அவள் முழங்காலில் கைவைத்தபடி அசையாமல் இருந்தாள்.

வெளிச்சம் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. மௌரீன் எழுந்து முகம் கழுவிவிட்டு டீ போட்டாள். மாடியறையில் இப்போது மங்களூர்க்காரப் பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்களாம், நாள் முழுக்க ஹேர் டிரையர் சத்தமாம். வேதாவின் அப்பா தேறிவிட்டாரா என்று கேட்டாள். "நல்லா இருக்கார்க்கா, உங்களைக் கேப்பார்" என்றாள் வேதா.

பஸ் நிறுத்தம் வரைக்கும் மௌரீன் கூடவே வந்தாள். பஸ் ஏறியதும் ஜன்னல் பக்கம் வந்து நின்று, "சண்டே சர்வீஸ் முடிய பத்தரை ஆகும். பதினொண்ணுக்கு வந்துடு. சிக்கன்தான் பண்றேன், உனக்காக" என்றாள்.

"சரிக்கா."

"அந்தக் குறிப்பை அனுப்பறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டு. உன் கமா எல்லாம் எப்பவுமே தப்பான எடத்துலதான் இருக்கும்."

பஸ் கிளம்பியது. வேதா ஜன்னலில் தலை சாய்த்தாள். அன்றைக்கு எந்தச் சொல்லும் வந்து நிற்கவில்லை. காற்று மட்டும் முகத்தில் அடித்தது. அவள் தூங்கிப்போனாள். கண்டக்டர், "மேடம், லாஸ்ட் ஸ்டாப், இளீரி" என்று கன்னடத்தில் இறங்கச் சொல்லி எழுப்பியபோது, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி நான்கு நிறுத்தம் வந்திருந்தாள். எரிச்சலொன்றும் தோன்றவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாலையோர மரங்களுக்குக் கீழே வந்த வழியே மெதுவாக நடந்தாள்.